வீடு எத்தனை வருடம் பொறுக்கும்?

(கேரளத்தின் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோட்டீஸில் என் பேச்சுக்கு 'கணிதம் படித்தால் எதிர்காலம் உண்டா?' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இப்படிப் போட்டால் பேசுகிறவனுக்கு வேலை சுலபம். 'உண்டு, உண்டு' என்று சொல்லி, நடுவில் நாலு தடவை ராமானுஜன் பெயரை உச்சரித்து, டீயைக் குடித்துவிட்டு மலை இறங்கிவிடலாம். நான் கரும்பலகையும் சாக்பீஸும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் என்ற பட்டத்துக்காக ஒரு லயத்து வீடு என்ன கொடுக்கிறது, அந்த வீட்டுக்கு என்ன திரும்பி வருகிறது என்பதை வரவு செலவாக எழுதிப் பார்க்கலாம். கணிதத்தின் அழகைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிடுங்கள், அதையும் பேசுவேன். இன்றைக்கு ரூபாய் மட்டும்.

இந்த ஊரில் இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கிருந்து பஸ் இறங்கினால் விதுரா. அதன் பக்கத்தில் மருதாமலையில் நிற்பது 2008இல் தொடங்கிய ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனம். அங்கே கணிதத்துக்குத் தனித்துறையே இருக்கிறது, எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் இறங்கினால் வலியமலையில் விண்வெளித் துறையின் கல்வி நிறுவனம், அது 2007இல் வந்தது. ஒரே நெடுமங்காடு தாலுகாவுக்குள் இப்படி இரண்டு. அதே தாலுகாவில் மேலே, தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கங்காணிகள் கூட்டி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். தொழிற்சாலை ஓடவில்லை. கூலி பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி. வெளியூர்க்காரர்கள் இங்கே வருவது அகஸ்தியர்கூடம் ஏறுவதற்கு, இல்லாவிட்டால் அந்தப் பழைய துரை பங்களாவில் பேய் இருக்கிறதா என்று செல்போனில் படம் பிடிப்பதற்கு. உங்களை உண்மையில் அலைக்கழிப்பது எது என்று அவர்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, முதலில் செலவுப் பக்கம்.

பெற்றோர்கள் முதலில் கேட்பது ஃபீஸ் எவ்வளவு என்றுதான். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு ஃபீஸ் என்பது வருடத்துக்குச் சில ஆயிரம். ஆய்வுக்கூடம் கிடையாது, கருவி கிடையாது, வெள்ளைக் கோட்டு வாங்க வேண்டாம். ஒரு பேனாவும் ஒரு குயர் காகிதமும் போதும். படிப்புகளிலேயே மலிவானது இதுதான் என்று நினைக்கத் தோன்றும். தங்கும் செலவு அதைவிடப் பெரிது. இங்கிருந்து திருவனந்தபுரம் சுமார் 60 கிலோமீட்டர், அதில் முதல் பகுதி காட்டு ரோடு. தினமும் போய் வந்து படிப்பது நடக்காது. ஹாஸ்டலோ, நாலு பேர் சேர்ந்து எடுக்கும் அறையோ, அது ஒரு செலவு. ஆனால் இந்த இரண்டையும் நான் பலகையின் ஓரத்தில் சின்ன எழுத்தில்தான் எழுதப்போகிறேன். பெரிய எழுத்தில் எழுத வேண்டியது வேறொன்று. அதற்கு ரசீது கிடையாது என்பதால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விட்ட கூலியைச் சொல்கிறேன். பதினெட்டு வயதுப் பையன் காலேஜுக்குப் போகாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான். பெயின்டிங், டைல்ஸ், கொத்து வேலை என்று யாரோ ஒரு மேஸ்திரியோடு இறங்கிவிடுவான். ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2021-22இல் கேரள கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 837 ரூபாய் 70 காசு. அதே வருடம் இந்தியா முழுமைக்குமான சராசரி 373 ரூபாய். இந்தியாவிலேயே உடல் உழைப்புக்கு அதிகக் கூலி கொடுக்கும் மாநிலத்தில் இருக்கிறீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதனாலேயே, இந்தியாவிலேயே படிப்புக்கு அதிக விலை கொடுப்பதும் கேரளத்து ஏழை வீட்டுப் பையன்தான். பீகாரில் ஒரு பையன் பி.எஸ்சி. படிப்பதால் அந்த வீடு இழப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இங்கே இழக்கிறோம்.

வருடத்தில் 250 நாள் வேலை கிடைக்கிறது என்று வைப்போம். 837 ரூபாய் 70 காசை 250ஆல் பெருக்கினால் 2,09,425. வசதிக்காக 2 லட்சத்து 10 ஆயிரம் என்று எழுதுகிறேன். மூன்று வருடப் பட்டத்துக்கு 6 லட்சத்து 30 ஆயிரம். இப்போது 2024இலிருந்து கேரளத்தில் நாலு வருட ஆனர்ஸ் பட்டம் வந்திருக்கிறது, விரும்பினால் மூன்றாம் வருடத்தோடு வெளியே வரலாம். நாலாவது வருடமும் இருந்தால் 8 லட்சத்து 40 ஆயிரம். ஃபீஸை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஜவுளிக்கடையில் மாதம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1 லட்சத்து 44 ஆயிரம். அதாவது பெண்ணைப் படிக்க வைத்தால் வீட்டுக்கு இழப்பு குறைவு. ஏன் குறைவு? வெளியே அவளுக்குக் கூலி குறைவு என்பதால். கேரளத்துக் கல்லூரிகளில் கணித வகுப்புக்குள் எட்டிப் பார்த்தால் பெஞ்சு பெஞ்சாகப் பெண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று மேடையில் சந்தோஷப்படுகிறோம். முன்னேற்றத்தில் ஒரு பங்கு உண்மை. இன்னொரு பங்கு, பையன்கள் பெயின்ட் டப்பாவோடு போய்விட்டார்கள் என்பது.

இனி வரவுப் பக்கம். இங்கேதான் எல்லோரும் உயரமான ஒரு சம்பளத்தைக் காட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். நான் நடுத்தரமான ஒன்றை எடுக்கிறேன். கேரள அரசின் ஹைஸ்கூல் கணித ஆசிரியர் பணி. கடந்த சம்பளத் திருத்தத்தின்படி அடிப்படை 41,300இல் தொடங்குகிறது. இதற்குப் பட்டம் மட்டும் போதாது. இரண்டு வருட பி.எட். வேண்டும், கே-டெட் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும், அதன் பிறகு பி.எஸ்.சி. என்கிற அரசுப் பணித் தேர்வாணையத்தின் தேர்வும் ரேங்க் லிஸ்டும். ஆக மொத்தம் மூன்றும் இரண்டும் ஐந்து வருடம் வீட்டுக்குக் கூலி வராது. ஐந்தாம் வருட முடிவில் உடனே வேலை கிடைத்துவிட்டது என்று மிகவும் தாராளமாக வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

பலகையைப் பாருங்கள். விட்ட கூலி ஐந்து வருடத்துக்கு 10 லட்சத்து 50 ஆயிரம். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆசிரியரின் வருட அடிப்படைச் சம்பளம் 4 லட்சத்து 96 ஆயிரம். கட்டட வேலைக்குப் போயிருந்தால் 2 லட்சத்து 10 ஆயிரம். வித்தியாசம் வருடத்துக்கு 2 லட்சத்து 86 ஆயிரம். டி.ஏ.வை விட்டுவிட்டேன், கூலி உயர்வையும் விட்டுவிட்டேன், இரண்டு பக்கமும் ஏறும். பத்தரை லட்சத்தை 2.86ஆல் வகுத்தால் மூன்று வருடம் எட்டு மாதம். நாலு வருடத்துக்குள் போட்டது திரும்பிவிட்டது, அதன் பிறகு ஓய்வு பெறும் வரை எல்லாம் லாபம்! கல்விக் கண்காட்சிகளில் இந்த இடத்தில் கைதட்டல் வாங்குவார்கள்.

இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நகையை அடகு வைத்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். வட்டி.

வீட்டுக்கு வர வேண்டிய கூலி வராத வருடங்களில் வீடு எப்படி ஓடுகிறது? கடனில் ஓடுகிறது. நகைக் கடன், சிட்டி என்கிற சீட்டுப் பிடித்த கடன், குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கடன், கடைசியில் கைமாற்று. எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு 12 சதவீதம் என்று வைக்கிறேன். இதைவிட அதிகமாகக் கொடுப்பவர்கள் இங்கே கையைத் தூக்க வேண்டாம், தெரியும். ஒரு தொகை எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்பதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 72ஐ வட்டி விகிதத்தால் வகுக்க வேண்டும். 12 சதவீதம் என்றால் ஆறு வருடம். 6 சதவீதம் என்றால் பன்னிரண்டு வருடம். ஆக, கடனில் ஓடுகிற வீட்டுக்கு ஆறு வருடம் கழித்து வரும் ஒரு ரூபாய் இன்றைக்கு எட்டணாதான்.

இப்போது அதே ஆசிரியர் வேலையை வட்டி சேர்த்து எழுதுகிறேன். வருடா வருடம் 2.10 லட்சம் விட்டுப்போகிறது, அதன் மேல் 12 சதவீதம் கூட்டு வட்டி. ஐந்தாம் வருட முடிவில் 10.5 லட்சம் 13.3 லட்சமாக நிற்கும். அதை வருடம் 2.86 லட்சம் என்று அடைத்தால், வட்டியும் கூடவே ஏறிக்கொண்டிருப்பதால், அடைபட ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். நாலு வருடம் என்று சொன்னது ஏழாகிவிட்டது. போகட்டும், அதுகூடத் தாங்கும்.

ஆனால் வேலை உடனே கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ரேங்க் லிஸ்டில் பெயர் வந்து, நியமனப் பரிந்துரையான அட்வைஸ் மெமோவுக்காக மூன்று வருடம் காத்திருந்ததாக வையுங்கள். அந்த மூன்று வருடமும் கையில் வருமானம் இல்லை என்று வையுங்கள். எட்டு வருட முடிவில் அந்தக் கணக்கு 25 லட்சத்து 80 ஆயிரம் ஆகிறது. அதற்கு ஒரு வருட வட்டி மட்டும் 3 லட்சத்து 10 ஆயிரம். ஆனால் அடைக்கக் கையில் இருப்பது வருடம் 2 லட்சத்து 86 ஆயிரம். வட்டிக்கே போதவில்லை. இந்தக் கடன் ஓய்வு பெறும் நாள் வரை அடையாது. அதே பட்டம், அதே வேலை, அதே சம்பளம். மூன்று வருடக் காத்திருப்பு மட்டும்தான் புதிதாகச் சேர்ந்தது.

இனி இன்னொரு வீட்டைப் பார்ப்போம். பட்டணத்தில் அப்பாவுக்கு அரசு வேலை, கடன் இல்லை, பிள்ளையின் கூலியை நம்பி அடுப்பு எரியவில்லை. அவர்கள் பணத்தின் விலை வங்கி வைப்பு வட்டி, 6 சதவீதம் என்று வைக்கலாம். அந்த வீட்டுப் பிள்ளை ஐந்து வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அதன் பிறகு ஐந்து வருடத்தில் போட்டதெல்லாம் வந்துவிடும். மூன்று வருடம் காத்திருந்து சேர்ந்தாலும் பத்து வருடத்துக்குள் முடிந்துவிடும். அங்கே பத்து வருடம், இங்கே ஒருபோதும் இல்லை. இரண்டு பிள்ளைகளும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தேற்றத்தைப் படித்தவர்கள்.

நான் இந்த மலைக்கு ஏறி வந்தது இதைச் சொல்லத்தான். கணிதப் பட்டத்துக்கு ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு விலை கிடையாது. அந்தந்த வீடு எத்தனை வருடம் பொறுக்கும் என்பதுதான் அந்தந்த வீட்டுக்கு அதன் விலை. பிள்ளைக்கு மூளை இருக்கிறதா என்று கேட்கிறீர்களே, அது இரண்டாவது கேள்வி.

வேலை நிச்சயமில்லை என்பதும் புதிய விஷயம் அல்ல. 1776இலேயே ஆடம் ஸ்மித் எழுதிவிட்டார். பிள்ளையைச் செருப்புத் தைக்கப் பழகப் போட்டால் அவன் தைக்கக் கற்றுக்கொள்வது ஏறக்குறைய நிச்சயம், சட்டம் படிக்கப் போட்டால் இருபதில் ஒருவன் அதை வைத்துப் பிழைத்தால் பெரிது என்ற பொருளில். அதை அவர் லாட்டரி என்றே கணக்குப் பண்ணினார். லாட்டரிச் சீட்டைக் கேரளத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 2023-24இல் கேரளத்தில் 15 முதல் 29 வயது வரை உள்ள, வேலை பார்க்கிற அல்லது வேலை தேடுகிறவர்களில் வேலையில்லாதோர் 29.9 சதவீதம். பெண்களில் மட்டும் 47.1. வேலைச் சந்தைக்கு வந்த இளம்பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் என்று அர்த்தம். இவர்களில் பலர் படிக்காததால் வேலையில்லாமல் இருப்பவர்கள் அல்ல. படித்ததற்கு ஏற்ற வேலைக்காகக் காத்துக்கொண்டிருப்பவர்கள்.

அப்படியானால் கணிதம் வேண்டாம் என்கிறேனா? அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வருவேன்?

காத்திருப்புத்தான் விலை என்றால், அதைக் குறைக்க முடியுமா, காத்திருக்கும்போதே பணம் வருமா, கடனின் வட்டியையாவது இறக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். கணிதத்துக்கு இந்த மூன்றிலும் மற்றப் படிப்புகளுக்கு இல்லாத சில வழிகள் இருக்கின்றன. ஆனால் அவை பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் கையில் வரும் நேரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு தெரிந்துகொள்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

படிக்கும்போதே பணம் வருவதில் முதலாவது இன்ஸ்பயர் உதவித்தொகை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை கொடுப்பது. பிளஸ் டூவில் அந்தந்த போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படித்தால் வருடம் 80,000 ரூபாய். இதில் 60,000 கைக்கு, 20,000 கோடை ஆய்வுப் பயிற்சிக்கு. கணிதமும் அதில் உண்டு. என்ஜினீயரிங் போனால் கிடையாது. இதைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வருட இழப்பு 2.10 லட்சத்திலிருந்து 1.50 லட்சமாக இறங்குகிறது. பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் சேர்ந்த ஐந்து வருட முடிவில் 12 சதவீத வட்டியோடு 13.3 லட்சத்துக்குப் பதில் 9.5 லட்சம். இன்னொன்று, இந்தியப் புள்ளியியல் நிறுவனம், பெங்களூரில் பி.மேத். நடத்துகிறது. படிப்புக் கட்டணம் கிடையாது, மாதா மாதம் உதவித்தொகையும் உண்டு. நுழைவுத் தேர்வு கடினம், ஆனால் அது கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்து ஜெயிக்கும் தேர்வு அல்ல என்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தி என்றே சொல்வேன். பலருக்கு இந்தப் பெயரே தெரியாது.

எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000, வீட்டு வாடகைப் படி தனி. இந்தத் தொகை 2023 ஜனவரியிலிருந்து. இரண்டு வருடம் கழித்து 42,000. ஐந்தாம் வருட முடிவிலேயே வருடத்துக்கு நாலரை லட்சம் பக்கம் வருமானம், அதுவும் படிப்பதற்காக. ரேங்க் லிஸ்டும் இல்லை, அட்வைஸ் மெமோவும் இல்லை. ஆனால் இது எல்லோருக்கும் கிடைப்பதல்ல. பிஎச்.டி. முடித்த பிறகு உதவிப் பேராசிரியர் வேலைக்கு இன்னொரு காத்திருப்பும் இருக்கிறது. 57,700 அடிப்படைச் சம்பளம் என்று காதில் இனிக்கும். அதற்கு முன்னால் கெஸ்ட் லெக்சரராக, வகுப்புக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, கோடை விடுமுறையில் கையை வீசிக்கொண்டு திரியும் வருடங்கள் வரும்.

காத்திருப்பைக் குறைப்பதில் ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பட்டப் படிப்பில் துணைப்பாடம் தேர்வு செய்யச் சொல்வார்கள். தோழி எடுக்கிறாள் என்று எதையாவது எடுக்காதீர்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருந்தால் அதை எடுங்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். அந்த வேலையில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. கணிதத்தில் தொண்ணூறு சதவீதம் வாங்கிவிட்டுப் புள்ளியியல் பாடம் இல்லாததால் விண்ணப்பத்தையே நிரப்ப முடியாமல் நிற்பவர்கள் உண்டு. முதல் செமஸ்டரில் ஐந்து நிமிடத்தில் போட்ட ஒரு டிக், நாலு வருடம் கழித்து ஒரு கதவை மூடிவிடுகிறது. எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரித் தேர்வில் ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர் என்று ஒரு பதவி, 35,400 அடிப்படை. அதற்குப் பிளஸ் டூ கணிதத்தில் 60 சதவீதம் இருந்தாலே எந்தப் பட்டதாரியும் எழுதலாம். உங்களுக்கென்றே இன்னொரு வழியும் இருக்கிறது. கேரள பி.எஸ்.சி. தமிழும் மலையாளமும் தெரிந்த எல்.டி. கிளார்க் என்று தனியாகவே ஆள் எடுக்கிறது, தமிழ் மீடியம் பள்ளிகளுக்கு ஆசிரியர் எடுக்கிறது. பணியிடம் குறைவு, ஆனால் போட்டிக்கு வருகிறவர்களும் குறைவு. வீட்டில் தமிழும் ஸ்கூலில் மலையாளமும் என்று இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறோம் என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்களே, அது இங்கே தகுதியாகிவிடுகிறது.

வட்டியை இறக்குவதற்கு வருவோம். கல்விக் கடனில், குடும்ப வருமானம் வருடம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்லூரிக்கு என்று வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நகையை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் கேளுங்கள்.

உதவித்தொகைகளில் பெரியதான பட்டியல் சாதி, பழங்குடிச் சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். இங்கேதான் தோட்டத் தமிழர்களுக்குச் சிக்கல். அந்தச் சாதிகளைப் பட்டியலிட்ட 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வந்த காலத்தில் குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் அந்தச் சாதி பட்டியலில் இருந்தாலும் இங்கே பலன் கிடைக்காது. உச்ச நீதிமன்றமும் 1990இல் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஆகவே தாத்தா காலத்து எஸ்டேட் வருகைப் பதிவேட்டின் (செக்ரோல்) நகல், பழைய ரேஷன் கார்டு, ஸ்கூல் அட்மிஷன் பதிவு, எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். எலி கடித்த ஒரு தாளில் ஒரு பிள்ளையின் ஐந்து வருட ஹாஸ்டல் செலவு இருக்கலாம்.

இப்போது கிராஜுவிட்டிக்கு வருகிறேன். கணிதப் பட்டத்தைப் பற்றிப் பேச வந்தவர் ஏன் இதைப் பேசுகிறார் என்று தொழிற்சங்கத் தோழர்கள் பார்க்கிறார்கள். சட்டம் 1972லிருந்து சொல்வது, ஒரு வருட வேலைக்குப் பதினைந்து நாள் கூலி. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளிகள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் ரோட்டில் உட்கார்ந்த பிறகு 232 ரூபாய் கூலி 301 ஆனது. அந்த 301ஐ வைத்தே 25 வருடம் வேலை பார்த்த ஒரு அம்மாவுக்குக் கணக்குப் போடுவோம். 15 பெருக்கல் 301 பெருக்கல் 25. ஒரு லட்சத்து 12 ஆயிரத்து 875. இந்தத் தொகை ஓய்வு பெற்ற முப்பது நாளுக்குள் கைக்கு வந்திருந்தால், அந்த வீட்டின் பெண் நகையை அடகு வைக்காமல் பட்டப் படிப்பின் தங்கும் செலவைத் தாண்டியிருப்பாள். வராததால் அந்த வீடு 12 சதவீதத்துக்கு வெளியே வாங்குகிறது. பாக்கி வைத்தவர்கள் உங்களுக்கு முதியோர் பணத்தை மட்டும் நிறுத்தி வைக்கவில்லை, பிள்ளையின் படிப்பையும்தான். தாமதத்துக்கு வட்டி கேட்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. மனுவில் அதையும் எழுதுங்கள். மூணாறுப் பெண்கள் போராட்டத்தில் இறங்கியது போனஸ் 19 சதவீதத்திலிருந்து 10 ஆனபோது. அந்த வித்தியாசம் தங்கள் வீட்டுக்கு எத்தனை ரூபாய் என்று அவர்களுக்கு யாரும் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

ராமானுஜன் பெயரைத் தவிர்க்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அவருடைய வரவு செலவு நம் கணக்கோடு சம்பந்தப்பட்டது. எஃப்.ஏ. தேறவில்லை, பட்டமில்லை. நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, மாதம் 30. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆய்வுக்கு 75 ரூபாய் கொடுத்தது. அந்த 25 ரூபாய்தான் இந்தக் கணக்கில் முக்கியமான எண். திறமையைக் கொண்டுவந்தது அது அல்ல, காத்திருப்புக்குச் சோறு போட்டது அது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், அவரைத்தான் இந்தப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்.எஸ். பிள்ளை. சிவசங்கரநாராயண பிள்ளை. இந்த மலைத்தொடரின் அந்தப் பக்கம், குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் 1901இல் பிறந்தவர். ஒரு வயதில் தாய் இறந்தார். செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கும்போது தகப்பனும் இறந்தார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர். படிப்பு அங்கேயே நின்றிருக்க வேண்டியது. சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தன் பணத்திலிருந்து கொடுத்து அவரைத் தொடர வைத்தார். பிறகு உதவித்தொகை, நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, அதன் பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. இன்றைக்கு யூனிவர்சிட்டி காலேஜ் என்கிறோமே, அதே இடம். சென்னையில் ஆய்வு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை. எந்த முழு எண்ணையும் ஆறாம் படி எண்களின் கூட்டலாக எழுத அதிகபட்சம் எத்தனை எண்கள் வேண்டும்? எழுபத்து மூன்று என்று 1940இல் நிறுவியவர் இவர். வாரிங் கணக்கு என்று உலகம் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் போராடிய விஷயத்தில் ஒரு பங்கு. 1950 ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு, உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். நாற்பத்தொன்பது வயது.

சாஸ்திரியாருக்கு அந்தப் பணம் திரும்பி வந்ததா என்று கேட்டால் அதற்குப் பேரேடு கிடையாது. ஆனால் அந்தச் செலவு யாரோ ஒருவர் தலையில் விழுந்தாக வேண்டும் என்பது அப்போதும் உண்மை, இப்போதும் உண்மை. இந்த எஸ்டேட்டில் படித்து வெளியே போய் வேலையில் இருப்பவர்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். மேலே படிக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த ஐந்து வருடத்துக்கும் வட்டியில்லாமல் மாதம் ஒரு தொகை கொடுக்க பத்துப் பேர் சேர்ந்தால், பலகையில் இருக்கும் 12 என்ற எண்ணை அழித்துவிட்டு 0 என்று எழுதலாம். மேலே போட்ட எல்லாக் கணக்கும் அந்த நொடியில் மாறிவிடும். நன்கொடை வேண்டாம். கடனாகவே கொடுங்கள், வேலைக்கு வந்த பிறகு திருப்பி வாங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள்.

முன் வரிசையிலிருந்து ஒரு அம்மா சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். பெயர் போடவில்லை. மூத்தவன் பெயின்டிங் வேலைக்குப் போகிறான், அவன் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது, இளையவள் பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க், திருவனந்தபுரத்தில் ஜவுளிக்கடையில் வரச்சொல்லியிருக்கிறார்கள், கணிதம் படிக்க அனுப்பலாமா என்று கேட்கிறார்.

அனுப்பலாம் அம்மா. கடைச் சம்பளம் வருடம் ஒன்றரை லட்சத்துக்குள் என்றால் உங்கள் வீட்டுக்கு விட்ட கூலி குறைவு. புள்ளியியலைத் துணைப்பாடமாக எடுக்கச் சொல்லுங்கள். இன்ஸ்பயருக்கு மார்க் எட்டுமா என்று இந்த வாரமே பாருங்கள். முதலில் மூன்று வருடம் என்று மட்டும் முடிவு செய்யுங்கள், பி.எட்.டா எம்.எஸ்சி.யா என்பதை மூன்றாம் வருடம் வீட்டுக் கடனைப் பார்த்து முடிவு செய்யலாம். பட்டம் கையில் வந்த பிறகு லிஸ்டுக்காகச் சும்மா உட்கார விடாதீர்கள், டியூஷன் எடுத்தாலும் சரி, எட்டாயிரம் வந்தாலும் சரி, சும்மா காத்திருந்தால் என்ன ஆகும் என்று பலகையில் பார்த்தீர்களே, அந்த எட்டாயிரம் இருந்தால் கணக்கு கைக்குள் நிற்கும்.

அதோடு ஒரு நோட்டு வாங்குங்கள். மூத்தவன் இவளுக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் தேதி போட்டு அதில் எழுதுங்கள். அண்ணன் தங்கைக்குள் கணக்கு எதற்கு என்று அவன் கோபப்படுவான், அப்படியும் எழுதுங்கள். இந்த வீட்டில் படிக்காமல் நின்றுபோனவன் அவன்தான், அந்தச் செலவு எந்த நோட்டிலும் இதுவரை ஏறவில்லை. வட்டி எத்தனை சதவீதம் என்பதை அண்ணனும் தங்கையும் பேசி முடித்துக்கொள்ளட்டும், அதில் நான் தலையிடவில்லை.